இருபது எண்ணும் வரை

குன்னூர் பெட்போர்டில்
வர்க்கிக்கடையை ஒட்டி ஆறடி அகலத் தைலக்கடை.
எட்டு வருடமாய் அங்கே நிற்கிறேன்.
ஆனியில் வந்த காய்ச்சல்
போகும்போது மூக்கைக் கையோடு கொண்டுபோய்விட்டது.

முதலாளி போஜன் அண்ணனிடம் சொல்லவில்லை.
சொன்னால் பாட்டில் கழுவும் பின்கட்டுக்கு அனுப்புவார்.
அங்கே சம்பளம் ஆயிரம் குறைவு.

ஆகவே ஞாபகத்திலிருந்து விற்றேன்.
தலைபாரமா, யூகலிப்டஸ்.
வெந்நீரில் இரண்டே சொட்டு, கண்ணை மூடிக்கொண்டு.
மூட்டுவலிக்கு வின்டர்கிரீன்,
அப்படியே தடவாதீங்க, தேங்காயெண்ணெயில் கலந்து.
தூக்கம் வரலையா, தலையணை உறை ஓரத்தில் ஜெரேனியம்.
குடிக்கிற மருந்தில்லை சார்,
குழந்தை கைக்கு எட்டாமல் வைங்க.
வாய் தானாய்ச் சொல்லும்.
மூக்கு, சுவரைப் பார்த்து வைத்த ஜன்னல்.

கோயமுத்தூர்க்காரி ஒருத்தி
புல்தைலத்தைத் திறந்து முகர்ந்துவிட்டு
"கொஞ்சம் பழசோ?" என்று நீட்டினாள்.
நானும் முகர்ந்தேன். புருவத்தைச் சுருக்கினேன்.
"ஆமாங்க, வேற தர்றேன்."
குப்பிக்குள் பச்சைத்தண்ணி இருந்திருந்தாலும்
அதையேதான் சொல்லியிருப்பேன்.

யூகலிப்டஸ் மட்டும் வேறு வழியாக வந்தது.
வாசனையாக இல்லை, குளிராக.
நெற்றிக்குள் யாரோ தாழ்ப்பாள் நீக்கி
உறைபனி விடியலை உள்ளே விட்ட மாதிரி.
கண் கலங்கும்.
அதை நம்பி ஒரு மாதம் ஓட்டினேன்.

வீட்டில்தான் சிரமம்.
ரசம் வெறும் சூடு.
மீன் கெட்டுவிட்டதா என்று
பக்கத்து வீட்டு ரெஜினாவிடம் சட்டியைக் காட்டணும்.
ராத்திரி இரண்டு முறை எழுந்து
கேஸ் மூடியிருக்கா என்று தொட்டுப்பார்ப்பேன்.
என் ஸ்வெட்டர் நாறுகிறதா இல்லையா,
ஊருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
மகன் உச்சந்தலையில் முகம் வைத்தால்
முடி குத்தும். அவ்வளவுதான்.

லாலி ஆஸ்பத்திரி டாக்டர் ஷெரின் சொன்னாள்:
மூக்குக்கும் பாடம் எடுக்கலாம்.
நாலு வாசனை, காலையும் மாலையும்,
ஒவ்வொன்றுக்கும் இருபது எண்ணும் வரை.
முகரும்போது அதையே நினைக்கணும்.
மூணு மாசம் ஆகலாம். வராமலும் போகலாம்.

சீட்டில் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ்.
ரோஜாத் தைலம் என் ஒரு மாதச் சம்பளம்.
அது கட்டாதவர்களுக்கு ஜெரேனியம் என்று
எத்தனை பேருக்கு நானே கட்டிக்கொடுத்திருக்கிறேன்.
காட்டுக்குப்பிகளின் அடித்தங்கலை
பஞ்சில் ஒற்றிக் கொண்டுவந்தேன்.

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் உட்காருவேன்.
கிராம்புக்கு, முதல் பிரசவத்துக்கு முந்திய வாரத்துப் பல்வலி.
எலுமிச்சைக்கு, சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சியில்
சேலையில் சிந்திய சோடா.
ஜெரேனியத்துக்கு
எவ்வளவு யோசித்தும்
பத்து மில்லி நூற்றெண்பது ரூபாய் என்பதுதான்
நினைவுக்கு வந்தது.
பதினெட்டு, பத்தொன்பது.
மூடியைத் திருகி மூடுவேன்.

ஐப்பசியில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தது.
கடைக்கு ஆள் வரவில்லை.
நானும் பஞ்சைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
போய்வந்துகொண்டிருந்தேன்,
கணக்கு விட்டுப்போன ஏதோ ஒரு நாள்.

அருவங்காட்டில் ஏறினேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது.
வெலிங்டன் வளைவில்
முன்சீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை
மடியில் இருந்த கேரிபேக்கில் வாந்தி எடுத்தது.
கைக்குட்டையை நீட்டினேன்,
முகர்ந்துக்கோ பாப்பா, சரியாயிடும்.
நீட்டிய கை அப்படியே நின்றது.

புளித்த பால்.
அதன் பின்னால் டீசல்.
அதற்கும் பின்னால், மெல்ல,
நாற்பது பேருடைய நனைந்த கம்பளி.

பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது.
கண்டக்டர் யாரையோ திட்டினான்.
நான் கண்ணை மூடிக்கொண்டு
இருபது எண்ணினேன்.
பிறகு இன்னொரு இருபது.